முதலில் பிரிக்கட்டும், பெயர் பிறகு

என் மகனுக்கு இரண்டரை வயது. பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் நிலையத்தின் ஆசிரியை போன மாதம் என்னைத் தனியாக அழைத்து, "எல்லாம் நல்லா சொல்றான், நிறம் மட்டும் வர மாட்டேங்குது. கொஞ்சம் கவனிங்க" என்றார்.

வேறு வீட்டில் இது சின்ன விஷயம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. என் அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. இந்த வகை நிறக்குருடு பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அப்பாவுக்கு இருந்தால் மகள்கள் எல்லாருமே அதைச் சுமப்பார்கள். அவர்கள் பார்வையில் பொதுவாகக் குறை தெரியாது. ஆனால் அந்த மகளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூவா தலையா கணக்குத்தான்.

அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியலுக்கு முன் தலைவிளக்கு வெளிச்சத்தில் பட்டையின் ஆழத்தைக் கைதான் அறியும், நிறம் பெரிதாகத் தேவைப்படவில்லை. தோட்டம் செம்பனைக்கு மாறியபோதுதான் சிரமம் வந்தது. பழுத்த குலை செம்மஞ்சளாக இருக்கும் என்றார்கள். அவருக்குப் பழுத்ததும் காயும் ஏறக்குறைய ஒன்றுதான். மரத்தடியில் உதிரிப் பழம் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்து, அதை வைத்தே குலையை வெட்டினார். பழுத்ததற்கு அதுவே நம்பகமான அடையாளம் என்பதால் மண்டோரிடம் ஏச்சு வாங்காமல் தப்பித்தார்.

ஈப்போவில் ஒரு கண் பரிசோதகரைக் கேட்டேன். ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட புள்ளிப் படங்கள்தான் இன்றும் கைகொடுக்கின்றன. எண் படிக்கத் தெரியாத பிள்ளைகள் விரலால் தடம் பிடிக்கும் படங்களும் அதில் உண்டு. ஆனால் இரண்டரை வயதுக்காரன் உட்கார வேண்டுமே! "இன்னும் ஒன்றிரண்டு வருஷம் போகட்டும், அவசரமில்லை" என்றார்.

நிறம் தெரியாதது வேறு, நிறத்தின் பெயர் தெரியாதது வேறு. சார்லஸ் டார்வினே தம் பிள்ளைகள் நிறப்பெயரில் தடுமாறியதைப் பார்த்து நிறக்குருடோ என்று சந்தேகப்பட்டிருக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை. பிள்ளையின் இடத்தில் இருந்து பாருங்கள். 'சிவப்புப் பந்து' என்று நாம் சொன்னால், 'சிவப்பு' என்பது உருண்டையா, உருளுவதா, பந்தின் இன்னொரு பெயரா? 2010-இல் மைக்கேல் ராம்ஸ்கார் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தது இதுதான்: பொருளை முதலில் சொல்லி நிறத்தைப் பின்னால் சொன்னால் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு. ஆனால் 'பந்து சிவப்பு' என்பது நமக்கு இயல்பாக வரும் பேச்சு. நம் மொழியில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பச்சை மிளகாய் பச்சை, சரி. பச்சைத் தண்ணீர்? பச்சைப் பிள்ளை?

அதனால் வீட்டில் பெயர் கேட்பதை நிறுத்தி வைத்து, பிரிக்கும் விளையாட்டுகளைத் தொடங்கினோம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் அச்சு தயார். ஒரே காய், ஒரே காகிதம், இரண்டு தட்டுகளில் கழுவினால் போகும் சாயம்: ஒன்றில் சிவப்பு, இன்னொன்றில் நீலம். வடிவம் மாறாமல் நிறம் மட்டும் மாறும்போதுதான் நாம் எதைச் சொல்கிறோம் என்று பிள்ளைக்குப் பிடிபடும். பன்னிரண்டு நிறப் பெட்டியை ஒரேயடியாகத் திறந்து கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அவனுக்கு மிகவும் பிடித்தது சங்குப்பூ. நாசி கெராபுவுக்கு நிறம் கொடுக்கும் அதே பூதான். சுடுநீரில் ஊறவைத்து ஆறியதும் இரண்டு கிண்ணத்தில் ஊற்றுவேன். ஒன்றில் அவன் கையாலேயே லீமாவ் கஸ்தூரியைப் பிழிவான். நீலம் கண்ணெதிரே ஊதாவாகும். புளிப்பு பட்டால் அந்தச் சாயம் மாறும், அவ்வளவுதான். அவனுக்கோ அது மந்திரம். தூரிகையால் இரண்டையும் தொட்டுத் தொட்டுக் காகிதத்தில் தீட்டுவான். தரையும் சட்டையும் நாசமாகும், பழைய நாளிதழை விரித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம் அம்மா வீட்டுக்குப் போனோம். தாமானுக்குப் பின்னால் நாலைந்து பழைய பால் மரங்கள் இன்னும் நிற்கின்றன. வெயில் காலத்தில் இலை செம்பழுப்பாகிக் கொட்டும். "நாங்க வேலைக்குப் போனப்ப நீ ஆயாக் கொட்டகையில இந்த எலைய வெச்சுத்தான் வெளையாடுவ" என்றார் அம்மா. ஒரு கூடை பொறுக்கி வந்து, சில பச்சை இலைகளையும் கலந்து கொட்டினோம். இரண்டு வெள்ளைத் தாளில் பசை தடவி, ஒன்றில் ஒரு சிவந்த இலையும் மற்றதில் ஒரு பச்சை இலையும் ஒட்டி வைத்தேன்.

இதைக் கண் பரிசோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. சருகுக்குச் சரசரப்பு உண்டு, நிறம் பிரியாதவர்களும் தொட்டும் வெளிர்ப்பு பார்த்தும் பிரித்துவிடலாம். இஷிஹாரா படங்களுக்கு அவனை நான் கூட்டிப்போகத்தான் போகிறேன்.

அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாகக் கொட்டிய, இன்னும் காயாத இலை ஒன்றை எடுத்துப் பச்சைத் தாளில் ஒட்டினார். பையன் அதைப் பார்த்தான். பிய்த்து எடுத்தான். பக்கத்துத் தாளில் அழுத்தி வைத்து, "தாத்தா, எலை செவப்பு" என்றான்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்படியாய்யா?" என்று அடுத்த இலையை அவனிடமே நீட்டினார்.