ஊத்து, நாலுமுக்கு: ஒரு மாவட்டச் செய்தியாளரின் குறிப்புகள்

பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. திருநெல்வேலியில் செய்தி வேலைக்கு வரும் யாருக்கும் இந்த மூன்று எண்களும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் ஆகிவிடும். அணைகளின் முழு உயரம் அவை. காலையில் அன்றைய நீர்மட்டமும் நீர்வரத்தும் மழை அளவும் பட்டியலாக வாட்ஸ்அப்பில் வந்து விழும். தொலைக்காட்சியில் அது அடியில் ஓடும் ஒற்றை வரி. எனக்கு அதுதான் அன்றைய தலைப்புச் செய்தி.

அந்தப் பட்டியலில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்று நான்கு பெயர்கள் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலைத் தோட்ட ஊர்கள். இணையத்தில் மழையைத் துரத்தும் கூட்டத்துக்கு இந்தப் பெயர்கள் என்றால் உயிர். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்றவர்கள் எழுதி எழுதியே, மாஞ்சோலைக்கு ஒருமுறைகூட வந்திராத சென்னைக்காரர்களும் நாலுமுக்கில் இன்று எவ்வளவு என்று கேட்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பழைய மழைக் கணக்குகளைத் தேடிச் சேர்ப்பதில் எத்தனை இரவு போனாலும் எனக்குச் சலிப்பதில்லை.

*

ஒரு விபத்து, ஒரு போராட்டம், ஒரு தேரோட்டம், எதுவானாலும் வேலை ஒன்றுதான். முதலில் நாலு வரி ஃப்ளாஷ். அடுத்து ஹாரிசான்டல் விஷுவல், அது டிவிக்கு. அதே இடத்தில் வெர்டிகல், அது ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும். பிறகு பைட், அதாவது சம்பந்தப்பட்டவர் பேசும் பதிவு. பிறகு இணையதளத்துக்குக் கட்டுரை. இடையில் டெஸ்க்கிலிருந்து, “விஷுவல் இன்னும் ஏறலையே, டவர் இல்லையா?” என்று போன்.

மூத்தவர்கள் கேசட்டைக் கவரில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிய காலத்தைச் சொல்வார்கள். அப்போது எழுத ஒருவர், படம் பிடிக்க ஒருவர். இன்று ஒரே ஆள், ஒரு போன், ஒரு காலர் மைக், ஒரு பவர் பேங்க். வேகம் கூடியிருக்கிறது. ஆனால் நடுக்கமில்லாமல் பத்து விநாடி நிற்கும் ஒரு ஷாட்டுக்கு இன்றும் ஈடில்லை. பைட் முடிந்ததும் மைக்கை அணைக்காமல் அந்த இடத்தின் சத்தத்தைக் கொஞ்சம் பதிவு செய்யுங்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். எடிட்டிங்கில் உட்காரும்போது அதன் அருமை புரியும்.

கூலியையும் சொல்லியாக வேண்டும். தாலுகா அளவில் ஓடுகிற பெரும்பாலோர் ஸ்டிரிங்கர்கள். செய்தி ஒளிபரப்பானால்தான் காசு. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-இல் செய்தித்தாளை மனதில் வைத்து எழுதப்பட்டது. வெயிலில் நின்று எடுத்தும் ஒளிபரப்பாகாமல் போன காட்சிக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

*

காட்சி என்றதும் 1999 ஜூலை 23 நினைவுக்கு வருகிறது. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனது. கொக்கிரகுளம் அருகே காவல்துறை தடியடி நடத்தியது. மக்கள் தாமிரபரணிக்குள் இறங்கி ஓடினார்கள். பதினேழு பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை.

அன்று கேமராவோடு ஆற்றங்கரையில் நின்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் எடுத்த காட்சிகளை ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படத்தில் பார்க்கலாம். என்ன நடந்தது என்று ஆளுக்கொரு பக்கமாக இழுக்கும்போது அந்தக் காட்சிகள் குறுக்கே நிற்கின்றன. ஒரு செய்தியாளர் ஊருக்குச் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பெரிது எனக்குத் தெரியவில்லை.

*

எல்லாவற்றையும் பொதுவில் வைக்கலாமா என்றால், கூடாது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீக்குளித்தார்கள். நால்வரும் பிழைக்கவில்லை. அந்தப் படங்கள் முகம் மறைக்காமல் நாடெங்கும் போனில் சுற்றின. இன்றும் தேடினால் கிடைக்கின்றன. போனதைத் திரும்ப அழைக்க யாராலும் முடியாது.

குழந்தைகளின் அடையாளம் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. போக்சோவில் 23-ஆம் பிரிவு, இளைஞர் நீதிச் சட்டத்தில் 74-ஆம் பிரிவு. படித்து வைத்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். சட்டத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. யார் கையிலாவது மண்ணெண்ணெய் கேனைப் பார்த்தால் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடிக்க ஓட வேண்டும். செய்தி அப்புறம்.

*

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. பல ஊர்களில் டவர் செயலிழந்து, உள்ளே இருப்பவர்கள் என்ன ஆனார்கள் என்றே வெளியே தெரியவில்லை.

அந்த இடைவெளியில் பழைய படங்கள் புகுந்தன. வேறு வருடத்து வெள்ளம், வேறு ஊர்ப் பாலம், எல்லாம் தாமிரபரணி என்ற பெயரில் வந்தன. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எடுத்த நேரமும் இடமும் அடங்கிய தகவல் படத்தை விட்டுக் கழன்றுவிடும். தரமும் குறையும். டாக்குமென்டாக அனுப்பினால் தகவல் தங்கும். இந்தச் சின்ன வேறுபாட்டை ஒவ்வொரு ஊர்க் குழுவுக்கும் சொல்லிக்கொடுத்தாலே பாதி வதந்திக்கு மருந்து கிடைத்துவிடும். மீதிக்கு கூகுள் லென்ஸ் இருக்கிறது. படத்தைப் போட்டால் முன்பு எங்கெங்கே வந்தது என்று காட்டும். அதையும் தாண்டினால் உள்ளூர்க்காரரின் கண். “இது நம்ம ஏரல் பாலம் இல்ல அண்ணாச்சி, கைப்பிடிச் சுவரே வேற” என்று ஒரு டீக்கடைக்காரர் சொல்லும் சாட்சியத்துக்கு எந்த மென்பொருளும் ஈடாகாது.

*

வேலை முடிந்த பிறகு நான் விரும்பிச் செய்வது விக்கிமீடியா காமன்ஸில் படம் ஏற்றுவது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குளங்களுக்குத் தமிழ்ப் பெயர் இடுவதும் அதோடு சேர்த்தி. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, ஊர், தேதி, எந்தக் கரையில் நின்று எடுத்தது என்று குறித்து ஏற்றும்போது வரும் நிறைவு வேறெதிலும் இல்லை. பெயர் சொல்லி யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் அவை அங்கே கிடக்கும். பள்ளிப் பிள்ளையும் எடுக்கலாம், நீரியல் படிப்பவரும் எடுக்கலாம்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எடுத்த படம் பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம். 1957 பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே சொந்த நேரத்தில், சொந்த போனில் எடுத்ததை மட்டுமே ஏற்றுகிறேன். வீடியோவை எம்பி4-ஆக ஏற்க மாட்டார்கள், வெப்எம்-ஆக மாற்ற வேண்டும். முதல் தடவை எரிச்சல் வரும். பழகிவிடும்.

பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ என்ற கிராமப்புறச் செய்தித் தளத்தைத் தமிழிலும் வாசிக்கலாம். அங்கே படக்குறிப்பு எழுதும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மனிதருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, என்ன வேலை செய்கிறார் என்பது உண்டு. நம் சேனல்களில் அதே மனிதர் வெறும் ‘பொதுமக்கள்’.

*

2024-இல் மாஞ்சோலையில் தேயிலை நிறுவனம் வேலையை நிறுத்தியது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பெற்ற 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிய வேண்டியது. அதற்கு முன்னாலேயே தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். “எங்க வாசல எடுத்து வச்சிருக்கியளா தம்பி? அந்தக் கொய்யா மரமும் சேந்து விழுதா?” என்று ஒரு அம்மா கேட்டார். டிவிக்கு நான் அனுப்பியது ஒன்றரை நிமிடம். அதில் கொய்யா மரம் இல்லை. என் போனில் இருந்தது. பிரின்ட் போட்டுக் கொடுத்தேன்.

ஊத்தில் பெய்யும் மழையை நாளைக்கும் பட்டியலில் போடுவார்கள். ஊத்தில் யார் வாழ்ந்தார்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. அதைச் சொல்லும் காட்சிகள் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி செய்தியாளர்களின் ஹார்டு டிஸ்க்குகளில் பெயரில்லாத கோப்புகளாகக் கிடக்கின்றன. தோழர்களே, இன்றிரவு ஒரு கோப்பைத் திறங்கள். ஊரின் பெயரையும் தேதியையும் போட்டுச் சேமியுங்கள். உங்களுக்கு உரிமை உள்ளதை, யாரையும் காயப்படுத்தாததை, பொதுவில் ஏற்றுங்கள். எப்படி ஏற்றுவது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.