அப்பாவின் வீரா

கோலாலம்பூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் ஆயர் குரோவைத் தாண்டினால் ஜாசின் சுங்கச்சாவடி. அங்கே இறங்கிவிட்டால் எனக்கு வீடு வந்த மாதிரிதான். சுற்றுலாப் பயணிகள் ஆயர் குரோவிலேயே திரும்பி மலாக்கா நகருக்குப் போய்விடுவார்கள். பெம்பானில் அவர்களுக்கு என்ன வேலை?

பெம்பான் என்பது பாயும் கூடையும் முடையப் பயன்படும் ஒரு செடியின் மலாய்ப் பெயர். நான் பார்த்து வளர்ந்ததோ செம்பனை. அப்பா காலத்தில் எங்கும் ரப்பர். நாட்டிலேயே முதன்முதலில் வணிகத்துக்காக ரப்பர் நட்டது மலாக்காவில்தான்; 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்டார். அடுத்து அவர் பெரிய அளவில் தோட்டம் போட்ட புக்கிட் அசகான், எங்கள் ஜாசின் மாவட்டத்தில் இருக்கிறது. மேடும் பள்ளமுமான காட்டில் பால்மரம் வெட்டியே அப்பாவின் முட்டி தேய்ந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் இடது முட்டியில் அறுவைச் சிகிச்சை. கிளட்ச் மிதிக்க முடியாது. அவரிடம் இருந்த பழைய புரோட்டோன் வீரா ஆட்டோ கியர் வண்டி என்பதால் பிழைத்தோம்.

அந்த வண்டிதான் போன மாதம் தகராறு செய்தது. தாமானிலிருந்து ஜாசின் சாலைக்கு ஏறும் சின்ன மேட்டில், மிதித்தால் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. "சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்புங்கப்பா" என்றேன். வானொலிக்காரி புத்தி. வந்த பதிவில் இன்ஜினைவிட அப்பாவின் பெருமூச்சுதான் தெளிவாகக் கேட்டது.

முதலில் காட்டிய பட்டறையில், கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு வண்டியையே விற்றாலும் ஈடாகாது. "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்பா. வெளியே போகணும்னா கைப்பேசியிலே வண்டி கூப்பிட்டுக்கலாம்" என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருடைய மருத்துவமனைப் பரிசோதனைக்காக நானே கூப்பிட்டுப் பார்த்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் என் காரில்தான் போனோம். நான் கோலாலம்பூரில் இருக்கும் நாளில் அவர் என்ன செய்வார்?

பக்கத்துத் தாமானில் வீட்டோடு பட்டறை வைத்திருக்கும் போமன் ஒருவரிடம் கடைசி முயற்சியாகக் கொண்டுபோனோம். அவர் கியர்பாக்ஸைத் தொடவில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினைச் சூடாக ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரையும் ஒருமுறை போட்டு எடுத்து, 'என்'-இல் வைத்தார். பிறகு அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் தொட்டு வைத்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் தேநீர்ச் சாயம் மாதிரி இருந்தது. கருகல் வாடை வேறு.

"இதுல கடைசியா எண்ணெ ஊத்துனது யாரு?"

தீபாவளிக்கு வந்தபோது, அளவு குறைந்திருக்கிறதே என்று எண்ணெய் நிலையத்தில் ஒரு சிவப்புப் போத்தல் வாங்கி ஊற்றியவள் நான்தான். "தங்கச்சி, சிவப்பா இருக்கிறதெல்லாம் ஒண்ணு இல்ல. இதுக்கு மிட்சுபிஷி எஸ்பி வகை எண்ணெதான் ஊத்தணும்" என்றார்.

ஆட்டோ கியரில் எண்ணெய் வெறும் மசகு அல்ல. இன்ஜினின் சுழற்சியை கியருக்குக் கடத்துவதும், உள்ளே கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதுதான். அளவு குறைந்தாலோ பழசானாலோ பிடி தளரும், தட்டு வழுக்கும், கருகும். வகை மாறினால் உதறலும் வரும்.

அடித்தட்டைக் கழற்றும்போது அப்பா எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். உள்ளே இருக்கும் காந்தத்தில் இரும்புத் துண்டுகள் ஒட்டியிருந்தால் கதை முடிந்தது என்று போமன் முன்பே சொல்லியிருந்தார். ஒட்டியிருந்தது சாம்பல் நிறச் சேறு மட்டும். சாதாரணத் தேய்மானம். அவர் வடிகட்டியை மாற்றிப் புது எண்ணெய் ஊற்றினார். ஒருமுறை வடித்தால் எல்லாம் வெளியேறாது, டார்க் கன்வெர்ட்டரில் ஒரு பகுதி தங்கிவிடும். அதனால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி வடிக்கச் சொன்னார். அப்படி இரண்டு முறை செய்தோம்.

"தட்டு தேஞ்சதுதாண்ணே. எத்தனை நாளைக்குன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பார்த்து ஓட்டுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். கூலியாக வாங்கியது, முதல் பட்டறை சொன்ன தொகையில் ஒரு மூலைக்குக்கூட வராது. இப்படிப்பட்ட போமன்கள் இன்னும் எத்தனை வருடம் சிற்றூர்களில் இருப்பார்களோ.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாதான் ஓட்டினார், ஜாசின் சந்தைக்கு. மேட்டில் வண்டி ஒரு கணம் தயங்கியது. பிறகு மெல்ல ஏறியது.

"ஏறிடுச்சுமா," என்றார். "நீ மூச்ச விடு."