கட்டுநாயக்கவுக்கு வெளியே

8 பிப்ரவரி 2025, சனி. சென்னை

பெட்டி கட்டியாயிற்று. நாளைக் காலை கொழும்பு, அங்கிருந்து நள்ளிரவில் மெல்பேர்ன். நடுவில் பதினான்கு மணி நேரம் கிடக்கிறது. மகள் வீட்டுக்கு இப்படிப் போவது மூன்றாம் தடவை. முதல் இரண்டு தடவையும் கட்டுநாயக்க விமான நிலையத்து நாற்காலியிலேயே கிடந்தேன். இறங்கும்போது கால் இரண்டும் வீங்கியிருந்தன. இந்தத் தடவை வெளியே போகிறேன். ஈ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி வாங்கியாயிற்று. பெட்டி நேரே மெல்பேர்ன் போய்விடும், கையில் ஒரு தோள்பை மட்டும்.

எக்ஸ்பிரஸ்வேயில் போனால் கொழும்பு பக்கம்தான், போய்ப் பாருங்கள் என்கிறார் மருமகன். பக்கம் என்றாலும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய ஊரை அரைப் பகலில் என்ன பார்க்க? நீர்கொழும்பு பத்து கிலோமீட்டர்தான். கடற்கரை, மீன் சந்தை. தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு அது போதும்.

9 பிப்ரவரி, ஞாயிறு. கட்டுநாயக்க, இரவு 9 மணி

கடிகாரத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. இங்கும் நம் நேரம்தான். ஆனால் கிழமையைப் பார்க்க மறந்துவிட்டேன். "லெல்லம போகணும்" என்றதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னைக்கு ஞாயிறு அம்மா. யாரும் கடலுக்குப் போகல்ல" என்றார், சிங்களம் கலந்த தமிழில். லெல்லம என்பது மீன் ஏலச் சந்தை. இந்த ஊர் மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஞாயிறு அவர்களுக்குப் பூசைக்குரிய நாள். எங்கள் ஊர்க் கடற்கரையிலும் அதே வழக்கம்தான். எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

இருந்தாலும் போனோம். கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் காக்கைகள் மட்டும். பக்கத்தில் டச்சுக் கோட்டை: 1678 என்று பொறித்த வாயில் நிற்கிறது, உள்ளே இப்போது சிறைச்சாலை. ஒரு காலத்தில் இந்தச் சீமைக் கறுவாப்பட்டைக்காகப் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் அடித்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டையில் மிஞ்சியது இவ்வளவுதான்.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் நான் கேட்காமலே கட்டுவாப்பிட்டியில் நிறுத்தினார். புனித செபஸ்தியார் கோயில். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் குண்டு வெடித்து நூறு பேருக்கு மேல் செத்துப்போனது இங்கேதான். கூரையெல்லாம் புதிது. இரத்தம் தெறித்த இயேசு சுரூபத்தை மட்டும் துடைக்காமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வெள்ளை அங்கியில் பழுப்பாய்ச் சிறு சிறு புள்ளிகள். அதற்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி கண்ணாடியைத் தொட்டுத் தன் நெஞ்சில் ஒற்றிக்கொண்டு போனாள். ஆட்டோக்காரர் உள்ளே வரவில்லை, வெளியே கைகட்டி நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மதியம் சோறும் பாரை மீன் குழம்பும். கொறுக்காய்ப்புளி போட்ட குழம்பு. தொண்டையில் இறங்கும்போது தனிப் புளிப்பு. ஆறு மணிக்கெல்லாம் விமான நிலையம் வந்துவிட்டேன். மனது இன்னும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறது.

16 பிப்ரவரி, ஞாயிறு. மெல்பேர்ன்

ஆட்டோக்காரரின் தமிழைப் பற்றிச் சொன்னேன். மகள் கணினியில் தேடி ஒன்று காட்டினாள். ஸ்டீவன் போன்டா என்ற மொழியியலாளர் நீர்கொழும்பு மீனவர் தமிழை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பேசுபவர் பலருக்குச் சிங்களமும் தாய்மொழி மாதிரி. அதனால் அவர்கள் தமிழில் வினைச்சொல்லின் வால் தேய்ந்துகொண்டு வருகிறதாம். வந்தேன், வந்தான், வந்தார்கள் என்று ஆளுக்கு ஆள் மாறும் விகுதி பேச்சுச் சிங்களத்தில் கிடையாது. இவர்கள் தமிழிலும் அது உதிர்கிறது. முப்பத்தோரு வருஷம் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் நான். அதைக் காதால் கேட்காமல் ஊர் திரும்ப மாட்டேன்.

11 மார்ச், செவ்வாய். நீர்கொழும்பு, இரவு

பத்தரைக்கு இறங்கினேன். சென்னை விமானம் நாளை மாலை. கடற்கரைத் தெருவில் அறை. ஐந்து மணிக்கு அலாரம்.

12 மார்ச், புதன்

விடிவதற்குள் லெல்லம. போன மாதம் காக்கை மட்டும் நின்ற தரையில் இன்று கால் வைக்க இடமில்லை. சூரை, பாரை, கணவாய், கூடை கூடையாய் இறால். ஏலம் முழுக்கச் சிங்களத்தில், எண்கள் தெறித்துக்கொண்டு போயின. அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. மணலைத் தாண்டி நடந்தேன். நான் தேடி வந்தது அங்கே இருந்தது.

கண்ணுக்கு எட்டுமட்டும் பழுப்பு நிறத்தில் தென்னை நார்ப் பாய்கள். அவற்றின்மேல் சாளை, வரிசை வரிசையாக. குடலெடுத்த மீனைப் பீப்பாயில் உப்புக்குள் ஊறவைத்து, கடல் தண்ணீரில் அலசி, வெயிலில் பரப்புகிறார்கள். எங்கள் பக்கத்தில் நான் சின்ன வயதில் பார்த்தது வெறும் மணல்தான். கருவாட்டைக் கழுவக் கழுவ மண் வரும். நார்ப் பாயில் ஈரம் கீழே வடிந்துவிடுகிறது, மண்ணும் ஒட்டுவதில்லை. ஒரு அம்மா குனிந்து இரண்டு கையாலும் மீனைப் புரட்டிக்கொண்டே போனார். ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேல் தோல் காய்ந்து காகிதம் மாதிரி. அடியில் இன்னும் நெகிழ்வு, நாரின் தடம் குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருந்தது.

தமிழில் பேசினேன். நிமிர்ந்து சிரித்தார்.

"அக்கா இந்தியாவா? நான் தமிழும் பேசுற, சிங்களமும் பேசுற. மகன் கடலுக்குப் போற. பேரப்புள்ளைகள் ஸ்கூலுக்குப் போற. அதுகள் சிங்களம் மட்டும்தான்."

பேசுற, போற, போற. நான், மகன், பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே வினை வடிவம். வகுப்பில் இருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். இங்கே அந்தச் சொல் குறைபட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாவுக்குப் பிறகு இதைப் பேச அந்த வீட்டில் யார் என்பதுதான் வயிற்றைப் பிசைந்தது. சென்ற நூற்றாண்டில் இங்கே கத்தோலிக்கப் பள்ளிகளில் பாடமொழி சிங்களமானது. வீட்டு மொழியும் பின்னாலேயே போனது.

மூன்று மணி நேரம் அவர்கூடவே இருந்தேன். பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தேன், வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. வேறு எந்த இடமும் பார்க்கவில்லை. புனித மரியாள் கோயிலின் கூரை ஓவியங்கள் பார்க்க வேண்டியவை என்று அறைக்காரர் சொல்லியிருந்தார், அதற்கும் போகவில்லை.

கிளம்பும்போது, மறுபடி எப்போது என்று கேட்டார். ஆகஸ்டில் என்றேன். தலையை ஆட்டினார். "ஆகஸ்ட்ல கடல் பெரிசு. போட்டு போகாது, பாய் விரிக்க ஏலாது. தையில வாங்க."

விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: அடுத்த டிக்கெட் ஜனவரிக்கு. கொழும்பில் இறங்குவது ஞாயிறாக இருக்கக் கூடாது.