பாதைக்கு உரியவர் யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். என்னிடம் புவியியல் பயின்றவன். இன்று அங்கே ஒரு சிற்றூரில் மனைவி மக்களோடு குடியிருக்கிறான். நலம் விசாரித்து முடிந்ததும் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"சேர், இங்கே ஒரு வேடிக்கை. நான் வேலைக்குப் போகும் வழியில் நாலு மைல் தூரம் தார்ப்பாதை வழவழவென்று இருக்கும். பிறகு ஒரு பெயர்ப்பலகை வரும். அதைத் தாண்டியவுடன் வண்டி குலுங்கத் தொடங்கிவிடும். என்னவென்று விசாரித்தால், கவுண்டி மாறிவிட்டதாம்! ஒரு பாதையைக் கண்டால் அது யாருக்கு உரியது என்று முதலிற் கேளுங்கள் என வகுப்பிலே ஓயாமற் சொல்வீர்களே, அது இப்போதுதான் விளங்குகிறது. ஆனால் ஒன்று கேட்கவேண்டும் சேர். பாடப் புத்தகத்தில் இல்லாத அந்தக் கேள்வியை நீங்கள் மட்டும் ஏன் எங்களிடம் கேட்டீர்கள்?"

அவனுக்கு அப்போது ஏதோ மழுப்பலாக விடை சொன்னேன். உண்மையான விடையைத் தொலைபேசியிற் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அவன் சொன்ன ஊரின் நிலைமையைப் பார்ப்போம். ஜார்ஜியா மாநிலம் நம் இலங்கையைப் போல் இரண்டு மடங்குக்கு மேற் பரப்புடையது. அதனுள்ளே 159 கவுண்டிகள் இருக்கின்றன. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. ஆனால் மிகச் சிறியது. நம் கண்டி மாவட்டத்தினுள் அத்தகைய கவுண்டிகள் இரண்டு அடங்கிவிடும் எனலாம். ஏன் இத்தனை சிறு துண்டுகள்? குடியானவன் ஒருவன் தன் குதிரை வண்டியிற் புறப்பட்டுக் கவுண்டியின் தலைநகரை அடைந்து, அலுவலை முடித்துக்கொண்டு, அன்றே வீடு திரும்பவேண்டும் என்ற எண்ணத்தால் அவ்வாறு பிரித்தார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வது வழக்கம். நெடுந்தூரப் பெருஞ்சாலைகளை மாநில அரசு பராமரிக்கிறது. உள்ளூர்ச் சாலைகளைக் கவுண்டி பராமரிக்கிறது. அதனாலேதான் என் மாணவனின் வண்டி ஓரிடத்தில் வழுக்கிச் செல்கிறது, ஓரிடத்திற் குலுங்குகிறது. குலுங்கினால் யாரிடம் முறையிடுவது என்பதும் அவனுக்குத் தெரியும். அந்தப் பெயர்ப்பலகையே அதைச் சொல்லிவிடுகிறது.

நிற்க. நான் வாழும் தெல்தெனியவுக்கு வருவோம். இந்தப் பகுதிக்குப் பழம்பெயர் தும்பறை. கண்டி அரசர் காலத்திலிருந்து வழங்கிவரும் பெயர் அது. உடதும்பறை, மெததும்பறை, பாததும்பறை என்று அது மூன்றாக வழங்கும். மேல், நடு, கீழ் என்பது பொருள். கண்டி அரசு 1815இல் வீழ்ந்தது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டதும் எங்கள் ஊருக்கு அப்பாலுள்ள மெதமகாநுவரைப் பக்கத்திலேதான். ஆங்கிலேயர் 1833இல் நாட்டை ஐந்து மாகாணங்களாக வகுத்தனர். 1889இல் அவை ஒன்பதாயின. இவ்வளவு மாற்றங்களுக்குப் பின்னும் தும்பறை என்னும் பெயர் அழியவில்லை. கண்டி மாவட்டத்தின் இருபது பிரதேச செயலகப் பிரிவுகளில் மூன்று இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. நாங்கள் நடுத் தும்பறையாகிய மெததும்பறைக்காரர்.

இந்தத் தும்பறையின் ஊடாகச் செல்வது ஏ 26 என்னும் பெரும்பாதை. கண்டியிற் புறப்பட்டு, குண்டசாலை, திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, உடதும்பறை எனும் ஊர்களைக் கடந்து, புகழ்பெற்ற பதினெட்டு வளைவுகளில் மலையிறங்கி, ஹசலக்க வழியாக மகியங்கனையை அடைகிறது. பின்னரும் ஓய்வதில்லை, பதியத்தலாவை வரை செல்கிறது. மத்திய மாகாணத்தில் தொடங்கி, ஊவாவை ஊடறுத்து, கிழக்கு மாகாணத்தில் முடிகின்ற பாதை இது. மட்டக்களப்புக்குச் செல்லும் நம்மவர் பலர் இதன் வழியே போய்வந்திருப்பர்.

ஏ என்ற எழுத்துக்குப் பொருள் உண்டு. நம் நாட்டில் ஏ, பீ வகுப்புப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சீ, டீ வகுப்புப் பாதைகள் மாகாண சபைகளின் பொறுப்பு. அவற்றினுஞ் சிறிய ஊர்ப்பாதைகளுக்குப் பிரதேச சபைகள் பொறுப்பு. ஆக, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பாதைக்கும் ஓர் எசமான் இருக்கிறான் என்றே பாடத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பட்டியலிற் சேராத ஒரு பாதை உண்டு. நான் பிறந்து வளர்ந்தது அந்தப் பாதையிலே.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லயத்தின் நாலாவது காம்பிரா எங்கள் வீடு. லயத்திலிருந்து பெரும்பாதைக்கு மூன்று மைல். கொழுந்து லொறி போவதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய கல்பாதை அது. ஆண்டுக்கொரு முறை மாரியம்மன் திருவிழாவுக்கு முன்பு எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு புறப்பட்டு அதைச் செப்பனிடுவர். அம்மன் ஊர்வலம் வரும் வழி அல்லவா? மற்ற நாட்களில் அதைக் கவனிப்பார் இல்லை.

1993ஆம் ஆண்டு மார்கழி மாதம். எனக்கு வயது பதினான்கு. எங்கள் பக்கத்து மலைகளுக்கு வடகீழ்ப் பருவ மழையே பெருமழை. அவ்வாண்டு மழையில் பாதையின் ஒரு பகுதி சரிந்து பள்ளத்தில் விழுந்திருந்தது. லொறி மேலே ஏற முடியாத நிலை. அப்படிப்பட்ட ஓர் இரவில் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. நாள் இன்னும் இருந்தது. ஆகவே யாரும் ஆயத்தமாக இல்லை. கம்பளி ஒன்றை மூங்கிற் கழியில் தொட்டிலாகக் கட்டி, அதிலே அம்மாவைக் கிடத்தி, நால்வர் தோளிலே தூக்கினார்கள். லாந்தரைப் பிடித்துக்கொண்டு நான் முன்னே நடந்தேன். அப்பா பின்னே ஒன்றும் பேசாமல் வந்தார்.

சரிந்த இடத்தைச் சுற்றித் தேயிலைச் செடிகளுக்கிடையே இறங்கவேண்டியிருந்தது. அதைக் கடந்து ஒரு வளைவில், பெரிய மரமொன்றின் அடியிற் கம்பளியை இறக்கினார்கள். அங்கேதான் என் தங்கை பிறந்தாள். உடன்வந்த கிழவி என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். குழந்தை இரண்டு முறை அழுதது எனக்கு நன்றாகக் கேட்டது. பெரும்பாதையை நாங்கள் அடைந்தபோது அது அழவில்லை. மகியங்கனைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றிவந்த லொறியொன்று எங்கள் விளக்கைக் கண்டு நின்றது. சாரதி ஒரு சிங்கள அன்பர். ஒரு வார்த்தையும் கேளாமல் மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். அம்மா பிழைத்தாள்.

சில நாட் கழித்து, பிறப்பையும் இறப்பையும் ஒன்றாகப் பதியவேண்டி அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். எழுதுவதற்கு நான் துணை. அங்கிருந்தவர் பரிவாகவே பேசினார். பிறந்த இடம் எது என்று கேட்டார்.

"ரோட்டில்" என்றார் அப்பா.

"எந்த ரோட்டு?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடம் போகிறவன் நான் அல்லவா? எனக்கும் தெரியவில்லை. அந்தப் பாதைக்குப் பெயர் இல்லை, எண்ணும் இல்லை. கடைசியில் அவர் தோட்டத்தின் பெயரையே எழுதிக் கொண்டார்.

பின்பு அப்பா மனு எழுதத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நானே. ஓர் அலுவலகத்திலிருந்து, இப்பாதை எங்கள் பட்டியலில் இல்லை என்று விடை வந்தது. இன்னோரிடத்தில், அது தோட்டத்துக்குச் சொந்தமான பாதை என்றார்கள். தோட்டத்திற் கேட்டபோது, நிலம் அரசாங்கத்தினுடையது, நாங்கள் குத்தகைக்காரரே என்றார்கள். ஒருவர் சொன்னதும் பொய்யன்று என்பதைப் பின்னாளிற் படித்து அறிந்தேன். தோட்டங்களை 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்றது. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரதேச சபைகளோ, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளுக்குத் தாராளமாகப் பணம் செலவிட இயலாதவையாய் இருந்தன. மூவரும் தத்தம் அளவில் உண்மையே பேசினர். பாதை மட்டும் பள்ளத்திலேயே கிடந்தது.

வேறொரு காட்சியும் இங்கு சொல்லவேண்டும். இன்றைய தெல்தெனிய புதிய ஊர். பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரமுள்ள அந்த அணையைக் கட்டும் வேலை 1978இல் தொடங்கியது. 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் வந்திருக்க, அது திறந்து வைக்கப்பட்டது. 210 மெகாவாட் மின்சாரம் தரும் அணை அது. அதன் பொருட்டுப் பழைய கடைவீதியும், வயல்களும், கோயில்களும், பெரும்பாதையின் ஒரு பகுதியும் நீரில் மூழ்கின. கடும் வரட்சி வரும் ஆண்டுகளில் நீர் வற்றி, பழைய ஊரின் சுவர்களும் படிகளும் வெளியே தெரியும். கண்டியிலிருந்தெல்லாம் மக்கள் வந்து பார்ப்பர்.

அப்படி ஒரு வரட்சியில் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அவரும் அம்மாவும் என்னோடு தெல்தெனியவில் வந்திருந்த காலம். வெடித்த சேற்றின்மேல் நடந்து, "இங்கேதான் பஸ் நிற்கும், அந்த மூலையிலேதான் உனக்கு முதன்முதல் சட்டை வாங்கினேன்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பழைய பெரும்பாதை சாம்பல் நிறத்தில் ஒரு கோடாக நீருக்குள் இறங்கிப் போவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்:

"தண்ணியில போன ரோட்டுக்கு வேற ரோட்டு போட்டுக் குடுத்தாங்க, தம்பி. மழையில போன ரோட்டுக்குத்தான் ஆளில்ல."

நான் ஆண்டுக்கணக்காகப் படித்ததெல்லாம் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. பெரும்பாதை மூழ்கினாலும் அதற்குப் பட்டியலில் ஓர் எண் இருந்தது. ஆகவே மலையைக் குடைந்தாவது அதற்கு ஈடான பாதையை அமைத்தார்கள். எங்கள் பாதை கண்ணெதிரே கிடந்தும், பட்டியலில் இல்லாமையால் இல்லாத பாதையாகவே ஆயிற்று.

அப்பா 2016இற் காலமானார். இரண்டு ஆண்டு கழித்து, 2018இல், பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டது. சபைகள் தோட்டப் பகுதிகளிலும் பாதை முதலிய வேலைகளைச் செய்யலாம் என்று வழி பிறந்தது. பத்திரிகையில் அச்செய்தியைப் படித்த அன்று, அப்பாவின் மனுக்களின் நகல்கள் இருந்த பழைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் பதினான்கு வயதுக் கையெழுத்து இன்னும் மங்கவில்லை.

சட்டம் வந்ததும் பாதைகளெல்லாம் ஒரே நாளில் மலர்ந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். சபைகளின் பணமும் அளவுடையதே. இருப்பினும் எங்கள் மூன்று மைலில் கீழ்ப்பகுதி இன்று கொங்கிறீட்டுப் பாதை. மேற்பகுதியில் இன்னமும் கல்லும் சேறுமே. இவ்வாண்டு திருவிழாவுக்கு அம்மாவை ஆட்டோவில் அழைத்துச் சென்றேன். அந்த வளைவு வந்ததும் நிறுத்தச் சொன்னாள். பெரிய மரம் இப்போது இல்லை. அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. கொங்கிறீட்டு அந்த இடத்துக்கு ஐம்பது அடி முன்னதாகவே முடிந்துவிடுகிறது. அம்மா இறங்கி, அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து அடிக்கட்டையின்மேல் வைத்தாள். பிறகு, "இந்த வளைவு வரைக்குமாவது போட்டிருக்கலாம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இதுதான், ஜார்ஜியாவிலிருக்கும் என் அன்பு மாணவனுக்கு நான் சொல்ல வேண்டியிருந்த விடை. பாதைக்கு உரியவர் யார் என்று கேட்பது, அப்பாதையில் ஒருவருக்குத் துன்பம் நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்பதாகும். உன் வண்டி குலுங்கும்போது அந்தப் பெயர்ப்பலகையைச் சபிக்காதே. அது ஒரு பேறு.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு சிறு வேலை தருகிறேன். அடுத்த விடுமுறை நாளில் உங்கள் வீட்டு வாசலிலிருந்து பெரும்பாதை வரை நடந்து செல்லுங்கள். எந்த இடம் வரை பிரதேச சபையுடையது, எந்த இடம் வரை மாகாணத்தினுடையது, எங்கே பெரும்பாதை தொடங்குகிறது என்று வீட்டிலுள்ள பெரியோரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் விசாரித்து ஒரு தாளிற் குறித்துவையுங்கள். யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாத ஒரு துண்டு இருந்தால், அதற்கும் ஒரு பெயரிட்டு எழுதுங்கள். நானும் எங்கள் பாதைக்கு ஒரு பெயரைத் தெரிந்தெடுத்து, மேற்பகுதியையும் செப்பனிட வேண்டும் என்ற புதிய மனுவிலே குறித்திருக்கிறேன். இரண்டு முறை மட்டும் அழுத அந்தக் குழந்தைக்கு அம்மா மனத்துக்குள் வைத்திருந்த பெயர் அது.