முதல் கிளாஸ் பானகம்

செல்ல மகளுக்கு,

  

கல்யாண வரவேற்பு மண்டபத்தை 1930களின் சிங்கப்பூர் மாதிரி அலங்கரிக்கப் போகிறீர்கள், அந்தக் காலத்துக் காக்டெயில் ஒன்றும் வைக்க ஆசை, எதை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே ஒரு வரி: "இதனால நான் நம்ம வீட்டுப் பொண்ணு இல்லாமப் போயிடுவேனா பெரியப்பா?" உன் அப்பாவிடம் கேட்கப் பயந்து என்னிடம் கேட்கிறாய், தெரிகிறது. ஒரு கிளாஸில் கரைந்து போகிற உறவா இது? அதை விடு. ஆனால் எதை வைக்கலாம் என்ற கேள்விக்கு என்னிடம் நிறைய பதில் இருக்கிறது.

சிங்கப்பூர் ஸ்லிங்தான் உன் மனதில் இருக்கும். ராஃபிள்ஸ் ஓட்டலில், நியாம் டோங் பூன் என்ற ஹைனான் தீவுக்காரர் 1915 வாக்கில் கலந்தது என்று அந்த ஓட்டல்காரர்கள் சொல்கிறார்கள். ஜின், செர்ரி மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சை எல்லாம் சேர்ந்து இளஞ்சிவப்பாக இருக்கும். பெண்கள் பொது இடத்தில் பழச்சாறு குடிப்பதுபோலக் குடிக்கட்டும் என்றுதான் அந்த நிறமாம். ஆண்டைப் பற்றியும் பக்குவத்தைப் பற்றியும் இன்னும் வழக்கு ஓயவில்லை. நல்ல சரக்குதான். உன் பெரியப்பா ஒன்றும் சாமியார் இல்லை; ஆலைக் கூட்டாளிகள் பணி ஓய்வு விருந்தில் நீட்டிய கிளாஸை மறுத்தவனும் இல்லை.

ஆனால் 1930கள் என்று சொல்லிவிட்டாயே, அந்தக் காலத்தில் மலாயாவில் நம் ஆட்கள் எதைக் குடித்தார்கள் என்று யோசித்தாயா? நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்களுக்கு ரப்பர்த் தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. வாங்கிய கூலி அங்கேயே இறங்கியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு என்பது. ஒரு பக்கம் துரைமார் கையில் ஸ்லிங், இன்னொரு பக்கம் அந்தக் கள்ளுக்கடை. உன் மண்டபத்தில் முதல் பாதி மட்டும் படமாகத் தொங்கினால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். உனக்கே இது தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, பழையதுதான் வேண்டுமென்றால் இன்னும் பின்னால் போ. காக்டெயிலுக்கெல்லாம் மூத்தது பஞ்ச். சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைப் பொருள் என்று ஐந்தும் கலந்தது. அதைப் பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் முதல் எழுத்து எந்த ஊரில் பிறந்தது தெரியுமா? நம் சோழமண்டலக் கரையில்! 1632 செப்டம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர் நெல்லூர்ப் பக்கத்து ஆர்மகானிலிருந்து, பேட்டப்பொலியில் இருந்த சக ஊழியருக்கு எழுதிய கடிதத்தில் பஞ்ச் வருகிறது. அப்போது சென்னப்பட்டணமே கிடையாது. கோட்டைக்கு இடம் வாங்கியது 1639-இல். அதற்கும் ஏழு வருடம் முன்னால் இந்தக் கரையில் பஞ்ச் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பேட்டப்பொலி என்பது இன்றைய நிஜாம்பட்டணம், பழைய குண்டூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அதே குண்டூர் ஜில்லாவில்தான் மங்களகிரியும் இருக்கிறது. மலைமேல் நரசிம்மர், அவர் வாயில் பானகத்தை ஊற்றுவார்கள், பாதியை அவர் ஏற்றுக்கொண்டு மீதியைப் பக்தருக்குத் திருப்பித் தருகிறார் என்பது நம்பிக்கை. பானகத்தில் என்ன இருக்கிறது? தண்ணீர், வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். பஞ்சிலிருந்து சாராயத்தை எடுத்துவிட்டுப் பார். வெள்ளைக்காரன் நம் பானகத்தில் சாராயத்தை ஊற்றிப் பஞ்ச் என்று கப்பலேற்றினான் என்பது என் கட்சி. பத்திரம் காட்டு என்றால் என்னிடம் இல்லை. உன் சித்தப்பா சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

நரசிம்மருக்கும் பானகத்துக்கும் உள்ள உறவை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நம் சிங்கப்பெருமாள் கோவில் பாடலாத்ரி நரசிம்மர் உக்கிர மூர்த்தி. தீபாராதனையில் பட்டர் நாமத்தை விலக்கி நெற்றிக்கண்ணைக் காட்டும்போது நீ என் வேட்டியைப் பிடித்துக்கொள்வாய். அந்த உக்கிரம் தணிக்கத்தானே பானகம்!

கல்யாணத்திலும் அப்படித்தான். வெயில் காலத்து முகூர்த்தமென்றால் சம்பந்தி வீட்டார் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பானகமோ நீர்மோரோ கையில் வந்துவிடும். என் வாலிபத்தில் அந்த இடத்தைக் கலர் சோடா பிடித்துக்கொண்டது. கோலிக்குண்டைக் கட்டைவிரலால் அமுக்கிச் சோடா உடைத்துத் தருவதே இளவட்டங்களுக்குப் பெருமை. அந்தப் புட்டியும் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872-இல் காப்புரிமை வாங்கியதுதான். சாராயம் மட்டும் பந்தலுக்குள் வந்ததில்லை. ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது, 1971-இல் கலைஞர் தளர்த்தினார், பிறகு மூடியும் திறந்தும் இன்று டாஸ்மாக். எந்தச் சட்டம் இருந்தபோதும் பந்தலுக்குப் பின்புறம் யாராவது ஒரு மாமா தள்ளாடிக்கொண்டுதான் இருந்தார். 2023-இல் கல்யாண மண்டபத்திலும் மது பரிமாறத் தனி உரிமம் என்று அரசு ஆணை போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். பந்தலுக்கு முன்புறம் வேண்டாம் என்பதில் தமிழ்நாடு இன்னும் பிடிவாதமாக இருக்கிறது.

இப்போது ஒரகடம் சாலைக் கல்யாணங்களுக்கு வந்து பார். ஆலைகள் வந்தன, வட நாட்டுப் பிள்ளைகளும் கொரியக்காரர்களும் விருந்துக்கு வருகிறார்கள், வாசலிலேயே மாக்டெயில் கவுண்டர். நீல நிறத்தில் ஏதோ ஒரு பாகு, மேலே புதினா. எந்த ஊர் ருசியும் அதில் கிடையாது. அதற்கு உன் ஸ்லிங் எவ்வளவோ மேல்.

ஆகவே நான் சொல்வது இது. ஸ்லிங் வைக்க வேண்டுமானால் வை. அது உன் நண்பர்களுக்கு, விருந்துக்கு அப்புறம். ஆனால் வாசலில் நுழைகிறவர் கையில் முதலில் போவது பானகமாக இருக்கட்டும். ஒரு கிலோ வெல்லத்துக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டு, மண் இருக்கும். சுக்குப்பொடி தாராளமாக, ஏலக்காய் அளவாக, பச்சைக் கற்பூரம் கடுகளவு. எலுமிச்சையைக் கடைசியில் பிழி, இல்லாவிட்டால் கசக்கும். நாலு துளசி இலை. ஸ்லிங்குக்கு வைத்திருக்கும் கண்ணாடிக் கிளாஸிலேயே ஊற்றிக் கொடு, ஐஸும் போட்டுக்கொள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பஞ்சாகவே வேண்டும் என்கிற நண்பர்களுக்குத் தனி மேசையில், அதே பானகத்தில் கொஞ்சம் இலங்கைத் தென்னஞ்சாராயம் சேர்த்துக் கொடு. அதுதான் உண்மையான பழைய சரக்கு. ராஃபிள்ஸ் ஓட்டல் அதற்குப் பேரன்.

பரிமாறுகிற பையன்களுக்கு இதன் கதையை நாலு வரியில் சொல்லி வை, கேட்கிறவர்களுக்குச் சொல்லட்டும். உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ பேச வேண்டியது உன் மாமியாரிடம்: சுக்கு அவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
சிங்கப்பெருமாள் கோவில்