வீடு எந்தப் பக்கம்?

வால்பாறை கடைவீதியில் இருக்கும் அந்த செல்போன் கடைக்குள் இரண்டு பேர் நின்றால், மூன்றாவது ஆள் வாசல் தகரத்துக்குக் கீழேதான் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் லீவு. காலையிலிருந்தே சாரல் விட்டபாடில்லை. கயிறு கட்டித் தொங்கவிட்ட அட்டைகளில் எல்லா கம்பெனிகளும் இருக்கின்றன: நாளுக்கு இத்தனை ஜிபி, இத்தனை நாள் வேலிடிட்டி, இன்ன ஓடிடி இலவசம். வருகிறவர்களின் பார்வை முதலில் அந்த அட்டைகள் மேல்தான் விழுகிறது. கடைக்காரர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சிம் மாற்ற வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “வீடு எந்தப் பக்கம்?”

அதற்கடுத்த கேள்வி, “வீட்டுக்குள்ள எங்க நின்னு பேசுவீங்க?”

சுவரோரம் எனக்கு ஒரு ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். பொள்ளாச்சி பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் வருகிற ஊர் இது. மேட்டில் தேயிலை, மடிப்பில் சோலைக்காடு, சரிவில் வரிசையாக லைன் வீடுகள். டவர் ஒரு மேட்டில் நிற்கும். அதே மேட்டின் மறுபக்கச் சரிவில் குடியிருப்பவருக்கு அந்த டவர் இருந்தும் இல்லாததுதான். எந்த கம்பெனி நல்ல கம்பெனி என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. உன் வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் எந்த மலை நிற்கிறது என்று கேட்டால்தான் பதில் உண்டு. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 2300, 2500 என்று மேலே போகப் போக வேகம் கூடும், எட்டும் தூரம் குறையும். 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3500 இன்னும் சீக்கிரம் களைத்துவிடும். கடைக்காரர் இதை மெகாஹெர்ட்ஸில் சொல்வதில்லை. “இது உள்ள வரும்ணா. அது வாசலோட நின்னுரும்” என்கிறார். அவ்வளவுதான், விஷயம் முழுக்க அதில் வந்துவிட்டது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு. ரீசார்ஜ் கணக்கு எழுதும் நோட்டு என்றுதான் நினைத்தேன். ஒரு பக்கத்தைப் புரட்டும்போது தெரிந்தது. இடது ஓரத்தில் எஸ்டேட் பெயரும் டிவிஷன் பெயரும். அவற்றுக்கு நேராக நான்கு கட்டங்கள், நான்கு நெட்வொர்க். கட்டங்களுக்குள் பென்சில் எழுத்து: ‘கோயில் பக்கம் 2 கோடு’, ‘ஆபீஸ் வரை, லைனில் இல்லை’, ‘கரண்ட் போனா அரை மணி’, ‘மாடிப்படி மட்டும்’. மளுக்கப்பாறை ரோட்டுக்கு நேராக ‘கேரளா டவர் எடுக்கும்’ என்று இருந்தது. சில இடங்களில் அழித்துத் திருத்தியிருக்கிறார். சிம் வாங்கிப் போனவர்கள் திரும்ப வரும்போது சொன்னதை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்று கம்பெனிகளே தங்கள் இணையதளங்களில் வரைபடம் போட வேண்டும் எனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. சிம் வாங்கும் முன் யாரும் அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. ஆனால் வரைபடம் மலை முழுவதையும் ஒரே நிறத்தில் பூசிவிடுகிறது. மாடிப்படியில் மட்டும் கிடைக்கும் என்பதும், கரண்ட் போனால் டவர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் பென்சில் எழுத்தில்தான் இருக்கின்றன. மழைக்காலத்தில் இந்த மலையில் இரண்டாவது விஷயம்தான் முக்கியம்.

முதலில் வந்த இளைஞனுக்கு 5ஜி வேண்டும். கையில் புதிய போன். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் கட்டணத்தை ஏற்றிய பிறகு, நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்குத்தான் அளவில்லாத 5ஜி என்று ஜியோவும் ஏர்டெல்லும் மாற்றின. அதுவரை 239 ரூபாயாக இருந்த ஜியோவின் ஒன்றரை ஜிபி பேக் 299 ஆனது அப்போதுதான். பி.எஸ்.என்.எல். அந்தச் சமயத்தில் ஏற்றவில்லை. அதனால் அங்கே மாறியவர்கள் ஏராளம். இளைஞன் கேட்பது பெரிய பேக்.

“வேலை எங்க தம்பி?”

“இங்கதாண்ணா. எஸ்டேட் ஃபேக்டரில.”

“பொள்ளாச்சி, கோயமுத்தூர்னு மாசத்துல எத்தனை நாள் போவ?”

“ஒரு நாள், ரெண்டு நாள்.”

கடைக்காரர் நோட்டில் ஃபேக்டரி வரிசையைத் திருப்பிக் காட்டினார். நான்கு கட்டங்களில் எதிலும் 5ஜி என்ற எழுத்து இல்லை. “ரெண்டு நாளுக்காக மாசம் பூரா ஏன் குடுக்கற? சின்னதப் போடு. கீழ போறப்ப தேவைன்னா டேட்டா மட்டும் ஏத்திக்கோ.” பையன் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சின்னதைப் போட்டான். பெரிய பேக்கில் கடைக்காரருக்குக் கமிஷன் கூடுதல். நான் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் கடை எந்த ஊரிலும் போற்றத் தக்கது.

அவன் நகர்ந்ததும் ஒரு பெரியவர். எஸ்டேட்டில் ரிட்டயர் ஆனவர், மஃப்ளர், பட்டன் போன். பேங்க் ஓடிபி வரவில்லை. வேலிடிட்டி முடிந்து போயிருக்கிறது. அவருடைய எண் 98-இல் தொடங்கும் பழைய எண். “ஏர்செல் காலத்துல வாங்கினது” என்றார். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கி, இங்கே வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் சேவை முடங்கித் திவால் மனு கொடுத்தது. எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை கடையாக வரிசையில் நின்ற நாட்கள் அவை. 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்த எண் மாற்றா வசதி மட்டும் இல்லாதிருந்தால், இவருடைய எண் அன்றோடு போயிருக்கும். பென்ஷன், ஆதார், கேஸ் புக், எல்லாமே அந்த எண்ணில்தான் இருக்கின்றன.

“அய்யா, உங்க போன் 2ஜி. ஜியோ இதுல ஓடாது, அவங்ககிட்ட 2ஜி கிடையாது. அத விட்டுருவோம். நெட் பாப்பீங்களா?”

“நமக்கெதுக்கு நெட்டு? கூப்பிட்டா எடுக்கணும். மெசேஜ் வரணும்.”

இவரைப் போன்றவர்கள் பல வருஷமாகத் தொடாத டேட்டாவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். மாதம் ஒரு முறை பென்ஷன் வருகிற வீட்டில் அந்தப் பதின்மூன்றாவது எங்கிருந்து வரும்? மாதா மாதம் ஒரே தேதியில் போடுகிற பேக் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவு போட்டது. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் வேண்டும் என்று 2024 டிசம்பரில் இன்னொரு உத்தரவு. அடுத்த மாதமே கம்பெனிகள் அப்படிப்பட்ட பேக்குகளை அறிவித்தன. ஆனால் இந்தக் கடையில் தொங்கும் அட்டைகளில் அவை எங்கேயும் பெரிய எழுத்தில் இல்லை. கேட்டு வாங்கினால்தான் உண்டு. பெரியவருக்குக் கேட்கத் தெரியாது. கடைக்காரர் தன் போனில் தேடி எடுத்து, 84 நாளுக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, முடியும் தேதியைப் பேனாவால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பட்டன் போனின் பின்மூடிக்குள் மடித்து வைத்தார்.

சாரல் கொஞ்சம் வலுத்தபோது அந்த அம்மா உள்ளே வந்தார். ஐம்பதைத் தொடும் வயது. கையில் மளிகைப் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவரில் ஆதார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் தன் பழைய போனைக் கொடுத்துவிட்டு, எந்த கம்பெனிக்கு மாற வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறான். அதில் டிவி, படம் எல்லாம் இலவசமாம்.

“மாத்திரலாம்க்கா. வீடு எந்தப் பக்கம்?”

அவர் டிவிஷன் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் நோட்டைத் திறந்தார். மகன் சொன்ன கட்டத்தில் ‘மஸ்டர் வரை’ என்று இருந்தது. அதாவது காலையில் பேர் கொடுக்கிற இடம்வரை. அதைத் தாண்டி லைனுக்குள் இல்லை.

“இப்ப வச்சிருக்கறது எப்பிடி?”

“கோயில் மேட்டுக்குப் போனாத்தான் தம்பி. பகல்ல போயிரலாம். ராத்திரி எப்பிடிப் போறது? யானை மெசேஜ் விடியக்காலம் மேட்டுக்கு வந்தப்புறம்தான் டிங் டிங்குனு விழுது. அது வந்து அரிசியத் தின்னுட்டுப் போயிருது, மெசேஜ் அப்புறம் வருது.”

இது மிகைப்படுத்திச் சொன்ன வார்த்தை அல்ல. இந்தப் பீடபூமியில் யானைகள் எங்கே நிற்கின்றன என்று தினமும் கண்காணித்து, அந்தப் பகுதி மக்களின் செல்போனுக்குத் தமிழில் செய்தி அனுப்பும் ஏற்பாட்டை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 2011 முதல் நடத்திவருகிறது. சாலையோரங்களில் யானை நடமாட்டத்தைக் காட்டும் சிவப்பு விளக்குகள்கூட செல்போனில் அழைத்து எரியவிடுபவைதான். இதற்காக அதன் ஆய்வாளர் ஆனந்த குமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. ரேஷன் அரிசி வாசத்துக்கு அடுப்படிச் சுவரை இடிக்கும் யானைகள் உள்ள ஊரில், இருட்டில் எதிர்ப்படாமல் ஆளும் யானையும் விலகிப் போவதற்கு அந்த ஒரு வரிச் செய்தி போதும். ஆனால் அது வீட்டுக்குள் வந்து சேர வேண்டும். சிக்னல் என்றால் இங்கே வேறு கணக்கு என்று அட்டை அச்சடிக்கிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

“உங்க லைன்ல வேற சிம் வச்சிருக்கறவங்க யாரு?”

“அடுத்த வாசல் பொண்ணு வச்சிருக்கு. அதுக்கு உள்ளயே பேசுது.”

“நம்பர் சொல்லுங்க.”

அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பெண்ணை இந்த அம்மாவின் வீட்டுக்குள் போகச் சொன்னார். வீட்டில் மாமியார் இருக்கிறார் போலிருக்கிறது, யாரோ வயதானவர் “யாருடி?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“இப்ப எங்கம்மா நிக்கற?”

“வாசல்லண்ணா.”

“உள்ள போ. பேசிக்கிட்டே போ.”

“முன் ரூம்ல நிக்கறேன். கட்டில் பக்கத்துல. பாட்டி படுத்திருக்காங்க. கேக்குதா?”

“நல்லா கேக்குது. அடுப்படிக்குப் போ.”

“இது அடுப்ப… சுவ… ண்ணா…” குரல் உடைந்து, நின்றேபோனது. கடைக்குள் மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் தெளிவாக, “திரும்ப கட்டிலுக்கு வந்துட்டேன்.”

“அடுப்படிக்குப் பின்னால மண்ணுச் சரிவாக்கா?”

“ஆமா. சுவத்தோட ஒட்டி மேடு.”

“அதான் மறைக்குது. அங்க யாரு வந்தாலும் கிடைக்காது.”

அந்த அம்மா அதிகம் யோசிக்கவில்லை. “அடுப்படில எதுக்கு? படுக்கற எடத்துல வருதுல்ல. அதுவே போடு.”

“அதுல படம் வராதுக்கா.”

“படம் அவன் பாக்கட்டும்.”

கடைக்காரர் மகன் கொடுத்த போனின் மாடலைப் பார்த்தார். 4ஜி எடுக்கும், வோல்டி இருக்கிறது, அந்த நெட்வொர்க்கின் பேண்டும் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார். இருக்கும் பேக் நாளை மறுநாள் முடிகிறது என்பதையும் பார்த்தார். மாறினால் மிச்ச வேலிடிட்டி கூட வராது. பிறகு 1900-க்கு மெசேஜ் போனது. எட்டு எழுத்துக் குறியீடு வந்தது. அதற்கு நான்கு நாள்தான் ஆயுள்.

கைரேகை வைக்கும்போதுதான் தடங்கல். கட்டை விரல் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலும் எடுக்கவில்லை. கொழுந்துக் கறை ரேகைக்குள் ஊறிப்போன விரல்கள். நுனியில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. கடைக்காரர் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, மோதிர விரலை வைக்கச் சொன்னார். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து போட்டோ. வெள்ளைச் சுவரோரம் நிறுத்தி, “கண்ணை ஒரு தடவ மூடித் தொறங்கக்கா” என்றார். உயிருள்ள முகம்தான் என்று ஆப்புக்குத் தெரிய வேண்டும். அவர் இறுக்க மூடிக்கொண்டு திறக்கவே பயந்தார். மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

“நம்பர் மாறாதுல்ல தம்பி? யானை மெசேஜ்காரங்ககிட்ட இந்த நம்பர்தான் குடுத்திருக்கு.”

“மாறாது. மூணு வேலை நாள். பழசுல சிக்னல் சுத்தமாப் போச்சுன்னா இதை எடுத்துப் போடுங்க. நடுவுல நாலு மணி நேரம் ரெண்டுலயும் பேச முடியாது. அது ராத்திரில வந்துச்சுன்னா அந்தப் பொண்ண உங்க வீட்டுல போனோட படுத்துக்கச் சொல்லுங்க.”

“அவ தெனம் அங்கதான் தம்பி படுக்கறா. அவ வீட்டுக்காரன் நைட் வாட்ச்மேனு” என்று சொல்லிக்கொண்டே, சிம் கார்டை ஆதார் கவருக்குள் வைத்து, ரப்பர் போட்டுக் கட்டி, மகனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அங்கேயே கடைப் போனில் சொல்லிவிட்டுப் போனார்.