கதவில் மாட்டிய விரல்

நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்து உட்கார்ந்து எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கம்பெனி வேலைக்குப் போறவங்க, வீட்டுல யாராவது போறவங்க, முழுசா படிச்சிடுங்க.

2021. நான் வேலையில சேர்ந்த புதுசு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல கேஷுவாலிட்டிக்கு ஒரு தம்பி வந்தான். வயசு 25. வலது கையில துணி சுத்தியிருந்தது. பிரிச்சுப் பார்த்தா ஆள்காட்டி விரலும் நடு விரலும் இல்ல. கூட ரெண்டு பேர். அதுல சட்டையை இன் பண்ணியிருந்தவர் முந்திக்கிட்டு, "வீட்ல இரும்புக் கதவுல மாட்டிக்கிச்சு சார்" என்றார். தம்பி தலையைக் குனிஞ்சிக்கிட்டே இருந்தான்.

வெளியே இன்னும் ஆறு பேர் நிக்கிறாங்க. நான் ஏ.ஆர். புத்தகத்துல, அதாவது விபத்துப் பதிவேட்டுல, "வீட்டில் கதவில் மாட்டியதாகக் கூறப்படுகிறது" என்று எழுதினேன். ரத்தத்தை நிறுத்தி, டி.டி. ஊசி போட்டு, ஸ்டான்லிக்கு அனுப்பினேன்.

(தெரியாதவங்களுக்கு: ஸ்டான்லி அரசு மருத்துவமனையில கை அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கு. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கினது. வடசென்னை, அம்பத்தூர் மெஷின்கள்ல போன கைகள் எத்தனையோ அங்கதான் சரியாகியிருக்கு. விரல் துண்டானா அதைச் சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அந்தக் கவரைத்தான் ஐஸ்ல வைக்கணும். விரலை நேரா ஐஸ்ல போடாதீங்க. இந்தத் தம்பியோட விரலை யாரும் எடுத்துட்டே வரல. மெஷினுக்கு அடியிலேயே கிடந்ததாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.)

எட்டு மாசம் கழிச்சு அவனே வந்தான். கூட மனைவி, இடுப்புல குழந்தை. "சார், நீங்க எழுதினதை மாத்தித் தர முடியுமா?"

பவர் பிரஸ்ல வேலை. கையை உள்ளே விட்டா மெஷின் நிக்கிற மாதிரி ஒரு சென்சார் இருந்திருக்கு. உற்பத்தி குறையுதுன்னு அதை ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்களாம். அடிபட்ட அன்னைக்கு வழியிலேயே "கதவுன்னு சொல்லு, எல்லாச் செலவையும் கம்பெனி பார்த்துக்கும், வேலையும் இருக்கும்" என்று சொல்லியிருக்காங்க. முதல் மாசம் இருபதாயிரம் கையில கொடுத்து, ஸ்டாம்ப் ஒட்டின ஒரு வெத்துத் தாள்ல கையெழுத்து. எந்தக் கையால போட்டேன்னு காட்டினான். இடது கை. மூணாவது மாசம், "நீ எங்க ஆளே இல்ல, கான்ட்ராக்டர்கிட்ட கேளு." கான்ட்ராக்டர் போனை எடுக்கல.

ஏ.ஆர். எண்ட்ரியை மாத்த முடியாது. மாத்தினா அது குற்றம். அதை அவன்கிட்ட சொல்றப்ப அந்தப் பொண்ணு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

அன்னைக்கு எனக்கே சட்டம் தெரியாது. எம்.பி.பி.எஸ்-ல தடயவியல் பாடத்துல காயத்தை எப்படி விவரிக்கணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. அந்தக் காயத்துக்கு எவ்வளவு பணம், யார் கொடுக்கணும்னு யாரும் சொல்லித் தரல. அதுக்கப்புறம் வக்கீல் நண்பர் ஒருத்தரைக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல் கேள்வி: இ.எஸ்.ஐ. இருக்கா? சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள, கம்பெனியில பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருந்தா இருக்கணும். வேலையில நடந்த விபத்துக்கு இத்தனை மாசம் சந்தா கட்டியிருக்கணும்னு கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாளே விரல் போனாலும் உரிமை உண்டு. நிரந்தர ஊனம்னா மாசாமாசம் பென்ஷன் மாதிரி வரும். முதலாளி சந்தா கட்டாம விட்டிருந்தா, அதை அவர்கிட்ட வசூல் பண்றது இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் வேலை. உங்க தலையில கட்ட முடியாது.

இ.எஸ்.ஐ. வரம்புக்குள்ள வராதவங்களுக்கு 1923-ஆம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனா அதோட அட்டவணை அவ்வளவு துல்லியம். கட்டை விரல் போனா 30 சதவீதம். ஒரே கையில ரெண்டு விரல் போனா 20. நம்ம தம்பிக்கு மாசம் 12,000 சம்பளம். அதுல 60 சதவீதம் 7,200. 25 வயசுக்கு உள்ள காரணி 216.91. பெருக்கினா 15,61,752. அதுல 20 சதவீதம் 3,12,350 ரூபாய்.

மூணு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். கையில கொடுத்தது இருபதாயிரம்.

கான்ட்ராக்ட் ஆளுன்னு சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அந்தச் சட்டத்தோட 12-ஆம் பிரிவுப்படி முதன்மை முதலாளிகிட்டயே கேட்கலாம். அவர் கொடுத்துட்டு கான்ட்ராக்டர்கிட்ட வாங்கிக்கட்டும். ஒரு மாசத்துக்குள்ள கொடுக்கலைன்னா 12 சதவீத வட்டி. சரியான காரணம் இல்லாம இழுத்தடிச்சா பாதி வரைக்கும் அபராதம். ஆனா விபத்து நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும். "பார்த்துக்கலாம்பா, முதலாளி நல்லவர்" என்று இழுக்கறது எதுக்குன்னு இப்ப புரியுதா?

(2025 நவம்பரில் நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்து, இந்த ரெண்டு சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. நான் சொல்ற கணக்கு அந்தத் தம்பிக்கு நடந்தப்ப இருந்த சட்டப்படி. இப்ப நடந்ததுன்னா வக்கீல்கிட்ட புதுசைக் கேட்டுக்கங்க.)

எல்லாத்துக்கும் வக்கீல்கிட்ட ஓட வேண்டாம். ஒரு மாசச் சம்பளம் தாமதம், லீவு பிரச்சினைன்னா தொழிலாளர் துறையில எழுத்துல புகார் கொடுத்துப் பாருங்க. ஆனா வெத்துத் தாள்லயோ "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்கிற வவுச்சர்லயோ கையெழுத்து கேட்டா, அந்த நிமிஷமே வக்கீல் தேவை. கையெழுத்துப் போட்ட பிறகு இல்ல. "நீ எங்க ஆளே இல்ல" என்று சொன்னாலும், அடிபட்டதுக்கு அப்புறம் வேலையை விட்டு நிறுத்தினாலும் அப்படித்தான்.

காசுக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல இலவச வக்கீல் யாருக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளோட தொழிற்சாலைத் தொழிலாளியும் அதுல வர்றாங்க. 15100-க்குப் போன் பண்ணுங்க, எந்த அலுவலகத்துக்குப் போகணும்னு சொல்வாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல விசிட்டிங் கார்டோட நின்னு, "வர்ற தொகையில முப்பது பர்சன்ட்" என்று பேசற ஆட்களை நம்பாதீங்க. வர்ற பணத்துல பங்குன்னு ஃபீஸ் பேசறதை பார் கவுன்சில் விதியே தடை பண்ணுது.

"டாக்டருக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்கறவங்களுக்கு: 2019 அக்டோபர்ல அரசு டாக்டர்கள் ஊதியக் கோரிக்கைக்காக ஸ்ட்ரைக் பண்ணப்ப, நிறைய பேரைத் தூக்கித் தூரத்துக்கு மாத்தினாங்க. அந்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர்களை 2020-ல் மெட்ராஸ் ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. நாங்களும் வக்கீலைத் தேடிப் போனவங்கதான்.

சரி, அந்தத் தம்பி கதைக்கு வர்றேன்.

அவனோட வக்கீலம்மா கெட்டிக்காரங்க. சூப்பர்வைசர் ஜி.பே-ல போட்ட வாரச் சம்பளம், மெஷின் முன்னாடி நின்னு எடுத்த ஒரு செல்ஃபி, ஷிஃப்ட் மாத்தச் சொல்லி வந்த வாட்ஸ்அப் மெசேஜ், எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. ஏ.ஆர்-ல நான் "கதவு" என்று எழுதினதை எதிர்த்தரப்பு வக்கீல் ரெண்டு தடவை சத்தமா வாசிச்சார். அப்புறம் அந்தம்மா அதுக்குக் கீழே இருந்த வரியை வாசிக்கச் சொன்னாங்க. காயத்தை விவரிக்கறப்ப நானே எழுதியிருந்தேன், மறந்தே போயிருந்தது: "கருப்பு கிரீஸ் படிந்துள்ளது. சிறு உலோகத் துகள்கள் உள்ளன."

"டாக்டர், வீட்டுக் கதவுல உலோகத் தூள் இருக்குமா?"

"நான் பார்த்த வரைக்கும் இல்லம்மா."

கடைசியில ராஜியாயிட்டாங்க. முழுத் தொகை வரல. குழந்தையை ஸ்கூல்ல சேர்க்கணும், இன்னும் இழுத்தா தாங்காதுன்னு அவனே ஒத்துக்கிட்டான். இப்ப திருமுல்லைவாயில்ல ஒரு அப்பார்ட்மென்ட்ல செக்யூரிட்டி. நான் "கதவு" என்று எழுதாம இருந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு அவன் ஒரு நாளும் கேட்டதில்ல. நான் அடிக்கடி கேட்டுக்கறேன்.

போன வாரம் இன்னொரு பையன். கட்டை விரல் நுனி. கூட வந்தவர், "பைக் செயின்ல மாட்டிக்கிச்சு டாக்டர்." அவரை வெளியே அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டுக் கேட்டேன். பையன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அவர் சொன்னதையே எழுதிக்கங்க சார், வேலை போயிடும்" என்றான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். அதுக்குக் கீழே காயத்தைப் பத்தி, கண்ணுக்குத் தெரிஞ்சது ஒண்ணு விடாம எழுதினேன். ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்கி வெச்சுக்கச் சொன்னேன். ஒரு துண்டுச் சீட்டுல 15100 என்று எழுதி, அதை அவன் செல்போன் கவருக்குள்ள சொருகி அனுப்பினேன்.